வரிசையில் இல்லாத ஒருத்தி

என் தாய்மாமன் வங்கித் தேர்வுக்குப் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் எந்நேரமும் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் வக்கீல். வக்கீலுக்கு எதிரே இருப்பவருக்குக் காபி பிடிக்காது. டாக்டருக்கு இடப்பக்கம் இருப்பவர் சென்னைக்காரர் அல்ல. இவர்களையெல்லாம் அவரவர் நாற்காலியில் சரியாக உட்கார வைத்துவிட்டால் மாமாவுக்கும் வங்கியில் ஒரு நாற்காலி கிடைத்துவிடும் என்பது ஏற்பாடு.

நாங்கள் முள்ளிப்பட்டில் இருந்தோம். முன்கூடத்தில் அப்பாவின் பட்டுத் தறி. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில் நடந்த கோச்சிங் சென்டருக்குப் போய்வர வசதி என்று மாமா எங்களோடு தங்கியிருந்தார். தறிக்காக அம்மா பட்டு நூல் சுற்றி வைத்திருக்கும் தார்க்குச்சிகளை எடுத்து, புதிரில் வரும் ஆட்களாக ஒரு தட்டைச் சுற்றி அடுக்குவார். சிவப்பு டாக்டர், பச்சை வக்கீல்.

“பட்டுல கை வெக்காதடா, சிக்கிகினா யாரு பிரிக்கிறது? பேஜாரு!” என்று அம்மா கத்துவாள்.

எனக்கு அப்போது பத்து வயது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே எனக்கும் அது பிடிபட்டுவிட்டது. மாமா தப்பாக வைத்தால் நான் குச்சியை நகர்த்துவேன். அவருக்கு அதில் வெட்கமே இல்லை, பெருமைதான். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிக்கொள்வார்.

ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குக் களம்பூரிலிருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். பெரியம்மா அம்மாவின் மூத்த அக்கா. பெரியப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. பகல் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருந்தபோது மாமா என் புகழைப் பாட ஆரம்பித்தார்.

“எத்த வேணா சொல்லுங்க. எது முன்ன, எது பின்னன்னு வரிசையா வெச்சிடும்.”

பெரியப்பாவுக்கு டாக்டரும் வக்கீலும் வேண்டாமாம். “நம்ம வூட்டு விசேஷத்தையே வரிசையா வையி, பாக்கலாம்,” என்றார்.

ஆளுக்கொரு குறிப்பு கொடுத்தார்கள். தங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம் அம்மாவின் கல்யாணத்துக்கு அப்புறம்தான் என்றாள் பெரியம்மா. மாமா பத்தாவது பரீட்சை எழுதிய லீவில் அந்தக் கல்யாணம் என்றார் பெரியப்பா. பந்தியில் மாமா பாயசத்தை வாங்கி வாங்கிக் குடித்ததைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மாமாவும் ஒன்று சொன்னார்: “நீ பொறந்தப்போ நான் எட்டாவது. அரை டிராயரோட ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்தேன்.” அது அவர் என்னிடம் பலமுறை சொன்ன கதைதான்.

விசேஷத்துக்கு ஒரு குச்சி என்று நான் வரிசையாக வைத்தேன். எட்டாவது, அப்புறம் பத்தாவது. என்னுடைய குச்சி அம்மா அப்பா கல்யாணத்துக்கு முன்னால் போய் நின்றது. கலைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் அங்கேயேதான் நின்றது.

“மாமா, நீ தப்பா சொல்ற. கல்யாணத்துக்கு முன்னாடியே நான் பொறந்துட்டேன்னு வருது.”

பெரியப்பாவின் சிரிப்பு நின்றது. மாமாவின் முகம் வெளுத்துப்போனது. “எட்டாவது இல்ல... பதினொண்ணாவதா இருக்கும். மறந்துபூட்டேன்.”

“அரை டிராயர்னு சொன்னியே? எட்டாவது வரைக்கும்தானே அரை டிராயர்?”

நான் கணக்கிலேயே இருந்தேன். குறிப்பெல்லாம் சரியாக இருந்தும் இடம் பொருந்தவில்லை என்றால், யாரோ ஒருவரை எண்ணாமல் விட்டிருக்கிறோம் என்று பொருள். மாமாவுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தது அது.

“அப்போ இன்னொருத்தர் இருக்காங்க. அவங்கள நீங்க யாரும் சொல்லல,” என்றேன்.

பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்பா எழுந்து, திருவிழா நாள் என்றும் பாராமல் தறியில் போய் உட்கார்ந்தார். நெய்யவில்லை. நெய்த வரைக்கும் இருந்த துணியைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மாதான் பேசினாள்.

“இருக்காங்க. எங்க சின்னக்கா. பெரியம்மாவுக்கும் எனக்கும் நடுவுல. உங்கப்பா மொதல்ல கட்டிகினது அவங்களத்தான். உன்னப் பெத்தது அவங்கதான். பெத்த கொஞ்ச நாள்ல ஜுரம் வந்து போய்ட்டாங்க.”

கூடம், தறி, எதிரே உட்கார்ந்திருந்த முகங்கள் எல்லாம் வேறு யாருடைய வீடோ போல இருந்தன. அம்மாவைப் பார்த்து, “அப்போ நீ யாரு?” என்று கேட்டேன்.

அவள் வரிசையிலிருந்து என் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“முறைக்கு, சித்தி,” என்றாள்.

எங்கள் தெருவுக்கே இது தெரியும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும், தண்ணீர் கேன் போடுகிறவருக்குத் தெரியும். வீட்டில் பெரிய மூளைக்காரி என்று பெயர் வாங்கிய எனக்குத்தான் தெரியாது.

மறுநாளிலிருந்து அவளைச் சித்தி என்று கூப்பிட்டேன். கோபத்தில் இல்லை. யாருக்கு எந்த இடமோ அந்த இடத்தில்தான் அவர்களை வைக்க வேண்டும் என்று எனக்குப் பழகியிருந்தது. “சித்தி, ரிப்பன் எங்க?” “சித்தி, தண்ணி குடு.” அவள் இந்தா என்று எடுத்துக் கொடுத்தாள். ஒரு தடவை மாமா என்னை அடிக்கக் கை ஓங்கிவிட்டார்.

“வுடுடா. சரியாத்தான கூப்புடுது,” என்று அவள் தடுத்தாள்.

அவளே சரி என்று சொல்லிவிட்டாள், இவருக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டேன். மாமா அதன் பிறகு தார்க்குச்சிகளைத் தொடவே இல்லை. அந்த முறை அவர் தேறவும் இல்லை. அடுத்த முறைதான் வேலை கிடைத்தது.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்தல் போட்டியில் எனக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தேன்.

“அம்மா! அம்மா, இங்க வந்து பாரேன்! ஜல்தி வா!”

உள்ளே நூல் சுற்றுகிற ராட்டையின் சத்தம் சட்டென்று நின்றது. ஆனால் யாரும் வரவில்லை. வாசலில் நின்று இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்து அவள் பின்கட்டிலிருந்து வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள், மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டிப் புடவை நனைந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் டிபன் பாக்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“எவ்ளோ நேரமா கூப்டுகினே இருக்கேன். காதுல வுழல?”

“வுழுந்துச்சு,” என்றாள்.

காதில் விழுந்தும் ஏன் உடனே வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. வாசலில் ஒருத்தி கத்திக்கொண்டிருக்கும்போது முகம் கழுவ அப்படி என்ன அவசரம் என்று பொழுது சாயும்வரை அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.