படையலுக்கு முன் ஒரு மடக்கு

பீப்... பீப்... பீப்...

மதியம் இரண்டு மணி பதினேழு நிமிடம். ஒயின் அறையின் வெப்பநிலை அலாரம் அலறியது.

இதை நம்பும்படி யாரையும் கெஞ்சப் போவதில்லை. அலாரம் அடித்த நேரம் எங்கள் கணினியில் அப்படியே பதிவாகி இருக்கிறது. அது நடந்து இன்றோடு முப்பது நாள்.

என் பெயர் திருமாறன். மலேசியாவில் ஈப்போக்காரன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில் ஒயின் பாதுகாக்கும் கிடங்கில் வேலை. வசதியானவர்கள் விலை உயர்ந்த பாட்டில்களை எங்களிடம் விட்டுவைப்பார்கள். ஜன்னல் இல்லாத அறை. எப்போதும் பதின்மூன்று டிகிரி. பழைய பாட்டிலைத் திறந்து, முகர்ந்து, ஒரு மடக்கு குடித்து, கெடவில்லை என்று சொல்வது என் பொறுப்பு. என் மூக்குதான் எனக்குச் சோறு போடுகிறது.

த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த பல் டாக்டர் ஜெயரட்ணம் எங்கள் வாடிக்கையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு பெட்டி பரோலோ வைத்திருந்தார். இத்தாலியில் ஒரே ஒரு தோட்டத்துத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின். யாருக்கும் ஒரு சொட்டு கொடுத்ததில்லை. ஒரு நாள் ஒரு பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போனார். அடுத்த முறை வந்தபோது ஆளே மாறியிருந்தார். என் எதிரில் இன்னொன்றைத் திறந்தார். அவருக்கே உரிய பழக்கம், மூன்று முறை வெடுக்கென்று உறிஞ்சி முகர்வார்.

"நனைஞ்ச அட்டை மாதிரி மணக்குது. என்ர சாமானைப் பழுதாக்கிப் போட்டீர்."

கார்க் கெட்டால் வரும் வாடை அது. நான் சுவைத்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது.

"ஒயின் நல்லாதான் இருக்கு அங்கிள். உங்க மூக்கதான் ரிப்பேருக்குக் கொடுக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. "உம்மட மூக்குக்கும் இது வரும். அப்ப தெரியும்."

முதலாளியிடம் புகார் போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு வாரத்தில் அவர் இறந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள்.

அவர் மனைவி பிரசாந்தி போன் செய்தார். "தம்பி, சனிக்கிழமை இவற்ற எட்டு. அந்த வைன் ஒண்டு வைக்கவேணும். நீங்களே திறந்து, மண்டியை எடுத்துப்போட்டுக் கொண்டு வாங்கோ."

எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்த கறி, மது எல்லாம் படைப்பார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். அவர் வந்து சாப்பிட வேண்டும் அல்லவா? படைக்கும் முன் யாரும் வாய் வைக்கக் கூடாது. உப்புக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஈப்போ வீட்டிலும் அதே கட்டுப்பாடுதான்.

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

சனிக்கிழமை. கிடங்கில் நான் மட்டும். இரண்டு நாளாக நிமிர்த்தி வைத்திருந்த பாட்டிலை இரண்டு பதினைந்துக்குத் திறந்தேன். மண்டி கலங்காமல் குடுவையில் ஊற்றினேன். கை தன் பாட்டுக்குக் கண்ணாடிக் கோப்பையை எடுத்தது. ஒரு மடக்கு. ரோஜா, உலர்ந்த செர்ரி, லேசாகத் தார் வாசம்.

விழுங்கிய பிறகுதான் உறைத்தது.

பீப்... பீப்... பீப்...

திரையைப் பார்த்தேன். பதினொன்று டிகிரி. பத்து. ஒன்பது. கதவை இழுத்தேன். வரவில்லை. பூட்டே கிடையாத கதவு அது.

திரும்பினேன்.

அவருடைய மிச்சப் பாட்டில்கள், லேபிள் மேலே தெரியப் படுக்க வைத்தவை. இப்போது ஒரு லேபிளும் தெரியவில்லை. எல்லாம் குப்புறத் திரும்பியிருந்தன.

அலாரம் நின்றது.

உஸ்...

உஸ்... உஸ்...

மூன்று முறை. என் பிடரிக்குப் பின்னால்.

வெறுப்போடு ஒரு சத்தம்.

"தூ..."

கழுத்தில் ஈரம்.

இரண்டு இருபத்தொன்று. கதவு தானாகத் திறந்தது. திரையில் பதின்மூன்று. கோப்பையை எடுத்து முகர்ந்தேன்.

நனைந்த அட்டை.

யாரிடமும் சொல்லவில்லை. வேறு பாட்டில் திறக்கவும் துணிவு இல்லை. ஒயினைப் பாட்டிலிலேயே திரும்ப ஊற்றி த்ரீ கிங்ஸுக்குக் கொண்டுபோனேன். மாலை ஆறு நாற்பதுக்குப் படைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியே நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"தூ..."

உள்ளே போனபோது வாழையிலை கலையவில்லை. கோப்பை மட்டும் கவிழ்ந்து கிடந்தது. சுவர் முழுக்கச் சிவப்பு. பிரசாந்தி துணி எடுத்துத் துடைத்தார்.

அன்றிலிருந்து காபியில் அதே வாடை. குழம்பில் அதே வாடை. என் மகளின் தலைமுடியிலும். மூக்கில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர். வாய்க்கு வந்ததைச் சொல்லி வேலையை ஓட்டுகிறேன். முதலாளிக்குத் தெரிந்தால் அத்தோடு முடிந்தது.

இன்று காலை பத்து ஐந்துக்கு, மிச்சப் பாட்டில்களை எடுக்கப் பிரசாந்தி வந்தார். என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் வெளுத்தது. "எத்தினை நாள்?"

"இன்னையோட முப்பது, ஆன்ட்டி."

அவர் பாட்டில்களைத் தொடவில்லை. என்னைப் பார்த்தபடியே கதவுவரை பின்வாங்கினார்.

"இவருக்கும் இப்பிடித்தான் தம்பி தொடங்கினது... தமையன்ர எட்டுக்குக் கொண்டுபோன போத்தலில ஒரு வாய் குடிச்சுப் பாத்தவர். அதுக்குப் பிறகு முப்பத்தொரு நாள்தான் இருந்தவர்."