படகெல்லாம் ஆணி

நான் மாலைதீவுக்குப் போனது கடல் பாக்க இல்ல. கடல் எங்கட கல்முனையிலயும் கிடக்கு, வீட்டுலயிருந்து நடந்தா அஞ்சு நிமிசம். என்ட மனிசனுக்கு அங்க இன்னொரு குடும்பம் இருக்கா இல்லையா எண்டு பாக்கத்தான் போனன். ஊருல எல்லாரிட்டயும், "புள்ளைகளுக்கு நோன்பு லீவு, வாப்பாவோட ஒரு மாசம் இருந்துட்டு வரட்டும்" எண்டு சொன்னன். மனசுக்குள்ள வேற முடிவு. அப்படி ஒருத்தி இருந்தா, ரெண்டு புள்ளைகளையும் கையில பிடிச்சுக்கொண்டு அடுத்த பிளேன்ல ஏறுறது. அதுக்குப் பிறகு அந்த மனிசனை வீட்டு வாசல் மிதிக்க விடுறல்ல.

வீடு எண்டா, அது என்ட வீடு. எங்கட பக்கம் அப்படித்தான். பொம்புளப் புள்ளைக்கு வீட்டைக் கட்டிக் குடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோட வந்து சேருவார். என்ட மனிசனும் மருதமுனையிலயிருந்து அப்படி வந்தவர்தான். போன வருசம் சுவரெல்லாம் புதுசாப் பூசி, பெயின்ட் அடிச்சு ஒரு கிழமை ஆகல்ல, மணிக்கூடு கொழுவ எண்டு முன் ஹோல் சுவத்துல ஆணி அடிச்சுப்போட்டார். பூச்சு ஒரு சிரட்டையளவு கழண்டு விழுந்திச்சு. எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது, அது தெருவுக்கே தெரியும். "ஆரைக் கேட்டு என்ட வீட்டுச் சுவத்துல ஆணி அடிச்சீங்க?" எண்டு கத்தினன். அவர் ஆணியைப் பிடுங்கிச் சேட்டுப் பொக்கற்றுல போட்டுக்கொண்டு வெளியால போனார். ரெண்டு மாசத்தால மாலைதீவுல ஒரு முதலாளிட சுற்றுலாப் பாய்ப்படகு ஓட்டுற வேலைக்குப் போயிட்டார்.

சந்தேகம் போன்ல தொடங்கிச்சு. முந்தி ஆழ்கடலுக்குப் போற காலத்துல, கரைக்கு வந்தவுடன பந்தி பந்தியா எழுதி அனுப்புற மனிசன். மாலைதீவுக்குப் போய்க் கொஞ்ச நாளால எழுதுறதை அடியோட விட்டுட்டார். நான் எழுதினாலும், "குரல்ல போடு புள்ள" எண்டுவார். எனக்கு மூத்தவ, என்ட ராத்தாட்டச் சொன்னன். அவ ஒரு நிமிசமும் யோசிக்கல்ல. "எழுத்து எண்டா அடையாளம் நிக்கும்டி. தீவுக்குப் போன ஆம்புளையள் ரெண்டு அடுப்பு வைக்கிறது புதினமா?" எண்டா. அந்த ரெண்டு அடுப்பு என்ட நித்திரையைத் திண்டு போட்டுது.

நோன்பு மாசம் படகுக்கு விருந்தாளிகள் இல்ல. தெற்க ஒரு தீவுல படகைக் கரையேத்தித் திருத்த வேணும், ஆறுதலாக் கொண்டு போனாச் சரி எண்டு முதலாளி சொல்லியிருந்தார். கூட நிக்கிற வங்காளதேசத்துப் பொடியன் லீவுல ஊருக்குப் போயிட்டான். அதால எங்களை ஏத்திக்கொள்ள அனுமதி கிடைச்சிச்சு. மகளுக்கு அப்ப பன்னிரண்டு வயசு, மகனுக்கு ஆறு.

படகு வெள்ளை வெளேர் எண்டு வடிவாத்தான் இருந்திச்சு. ஒரு பாய்மரம், கீழ ரெண்டு அறை, சமைக்க ஒரு குசினி. அந்தக் குசினிக்குள்ள நான் திரும்ப வேணுமெண்டா மத்த ஆள் வெளியால போக வேணும். ஆனா என்ட கண்ணுல முதல் பட்டது ஆணி. எங்க பாத்தாலும் ஆணி! கட்டிலடியில ஆணி, குசினி வாசல்ல ஆணி, ஏணிப்படியில ஆணி. அதுகளுக்கு இடையில இடுப்பு உயரத்துக்கு ஒரு கயிறு ஓடுது. "இதென்ன?" எண்டு கேட்டன். "கடல் ஆட்டத்துல புள்ளைகள் விழாமப் பிடிக்க" எண்டார்.

கயிறைத் தொட்டுப் பாத்தன். கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போய்க் கிடந்திச்சு. புள்ளைகள் வந்து ஒரு மணித்தியாலம் ஆகல்ல. அப்ப ஆருட கை இது? வெக்கத்தை விட்டுச் சொல்றன், நான் அந்தக் கயிறைக் குனிஞ்சு மூக்கை வச்சு மணந்தும் பாத்தன். கயிறை மணந்து பாத்த பொண்டாட்டி உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பன்.

படகுல இருக்கிறது லேசில்ல. நோன்பு பிடிக்க விடியப்புறம் சஹருக்குச் சோறு வைக்க ஒரு கையால பானையைப் பிடிக்க வேணும், மத்தக் கையால என்னைப் பிடிக்க வேணும். மகன் முதல் மூணு நாளும் சத்தி எடுத்தான், நாலாம் நாள் குரங்கு மாதிரிக் கயித்துல தொங்கினான். மழை பெய்தா எல்லாரும் பாத்திரத்தோட மேல ஓடுவம், அதுதான் நல்ல தண்ணி. பொழுதுபட, தேங்காய்ப்பாலும் மாசிக் கருவாடும் போட்ட நோன்புக் கஞ்சியை மடியில வச்சுக்கொண்டு, ஒரு தீவுட பள்ளியில பாங்கு சொல்லும் வரைக்கும் காத்திருப்பம். சத்தியமாச் சொல்றன், அந்தச் சந்தேகம் மட்டும் இல்லாட்டி அது என்ட சீவியத்துல நல்ல மாசம்.

வெயில் உச்சிக்கு வந்தாத்தான் படகு தீவுக்குக் கிட்டப் போகும். தண்ணிக்குக் கீழ முருகைக்கல் பார், பவளப்பாறைத் திட்டு, கிடக்கு, நிறத்தைப் பாத்துத்தான் வழி பிடிக்க வேணும். கருநீலம் எண்டா ஆழம், பச்சை எண்டா கவனம், மண்ணிறம் எண்டாப் பார், முட்டினாப் படகு கிழிஞ்சுரும். மகள் அணியத்துல, அதுதான் படகுட முன் மூக்குல, ரெண்டு காலையும் தொங்கப் போட்டுக்கொண்டு குந்தியிருந்து சத்தம் போடுவா. "கருநீலம் வாப்பா! இப்ப பச்சை! வலப்பக்கம் மண்ணிறம்!" அவர் பின்னால சுக்கானைத் திருப்புவார்.

"பொம்புளப் புள்ளை காஞ்சு கருவாடாகுது. நீங்களே பாத்தா என்ன?" எண்டு கேட்டன்.

"அவ பழகட்டும் புள்ள" எண்டார்.

பழகட்டுமாம்! ரெண்டு பேரும் கிட்டக் கிட்ட இருந்து குசுகுசுப்பாங்க, நான் வந்தாப் பேச்சு நிண்டுரும். அதோட ஒரு கறுப்புக் கண்ணாடி. பொழுதுபட்டாலும் கழட்டுறல்ல. நாப்பத்தஞ்சு வயசுல ஆருக்குக் காட்ட இந்தக் கோலம் எண்டு எனக்கு வயிறு எரிஞ்சிச்சு. என்ட புள்ளையையும் தன்ட பக்கம் இழுத்துப்போட்டார் எண்டுதான் நினைச்சன்.

மூணாம் கிழமை ஒரு தீவுக்கு வந்தம். தண்ணி எடுக்கப் போறன் எண்டு சொல்லி, மகளைச் சின்ன வள்ளத்தை வலிக்க வச்சுக்கொண்டு போனார். கையில பிளாஸ்டிக் பைல் ஒண்டு. தண்ணிக்கு எதுக்கு பைல்? திரும்பி வந்தார், பாயை விரிச்சம், அரை நாள் ஓடினம். அப்ப "ஒரு சாமான் மறந்துட்டன்" எண்டு படகைத் திருப்பிக்கொண்டு மறுநாள் உச்சி வெயிலுக்கு அதே தீவுக்கே வந்து, மகளோட திரும்ப இறங்கிப் போனார். இதுதான் இடம், இஞ்சதான் அவ இருக்கா எண்டு மனசு அடிச்சுச் சொல்லிச்சு.

படகு மேல நிண்டு இமை வெட்டாமப் பாத்தன். கொஞ்ச நேரத்தால இறங்குதுறையில மனிசன் வாறார். பக்கத்துல ஒரு பொம்புள, நீலச் சால்வை, வெள்ளை முகம், என்னை விடப் பத்து வயசு குறைவு. அவர் வள்ளத்துல இறங்கக்குள்ள அவ அவர்ட முழங்கையைப் பிடிச்சா. அல்லாஹ்வே! பட்டப்பகல்ல, என்ட மகளுக்கு முன்னால, என்ட மனிசன்ட கையை!

மகள் வந்து ஏறினதும் கேட்டன். "ஆருடி அவ?"

"ஆருமில்ல உம்மா."

"உன்ட சாச்சியா? வாப்பாட மத்தப் பொண்டாட்டியா?"

புள்ளை விம்மி விம்மி அழுதா. எனக்கு இரக்கம் வரல்ல. அண்டைக்கு அவர்ட சேட்டுப் பொக்கற்றைக் கிண்டினன், ஒரு துண்டுக் கடதாசி கிடைச்சிச்சு, எல்லாம் மாலைதீவு எழுத்து. அந்த எழுத்துல காதல் கடிதம் எழுதினாலும் கரண்ட் பில் எழுதினாலும் எனக்கு ஒண்டுதான். ஆனாலும் பத்திரமா என்ட பைக்குள்ள வச்சன். பெருநாள் கழியட்டும், புள்ளைகள்ட பெருநாளைக் கெடுக்கப் படாது, பிறகு கேப்பம் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டிருந்தன்.

இருபத்தொன்பதாம் நோன்பு அண்டைக்கு ஆளில்லாத ஒரு மணல் திட்டிக்குப் பக்கத்துல நங்கூரம் போட்டம். போன் சிக்னல் இல்ல. பிறையை நாங்களே பாத்தாத்தான் உண்டு. நோன்பைத் திறந்துட்டு நாலு பேரும் மேற்குப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டம். மகன்தான் முதல்ல கத்தினான், "அந்தா! அந்தா!" நானும் கண்டன், நகத்துண்டு மாதிரி மெல்லிசா, ஒரு முகிலுக்கு மேல.

மனிசன் வேற பக்கம் பாத்துக்கொண்டு நிண்டார். மகள் கிட்டப் போய் மெதுவாச் சொன்னா, "வாப்பா, இடப்பக்கம், முகிலுக்கு மேல." அவர் முகத்தைத் திருப்பி, "ஓம், ஓம், கண்டுட்டன்" எண்டு கையை ஏந்தினார்.

அந்த நேரம் முகில் மேல வந்து பிறையை மூடிட்டு. ஒரு கோடும் இல்ல. ஒரு மாசமா அவரைச் சோதிச்சுப் பழகின என்ட நாக்கு சும்மா இருக்குமா? "இன்னும் தெரியுதா?" எண்டு கேட்டன்.

"ஓம் புள்ள, வடிவாத் தெரியுது" எண்டார்.

இந்த மனிசன் எதுக்குப் பொய் சொன்னாலும் பிறைக்குப் பொய் சொல்ல மாட்டார். பிறைச் சாட்சி எண்டா எவ்வளவு பெரிய காரியம் எண்டு ஊருல எல்லாருக்கும் வகுப்பு எடுக்கிற ஆள். நான் கிட்டப் போய் அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினன். அவர்ட முகத்துக்கு நேர என்ட கையை நீட்டி, "இது எத்தினை விரல்?" எண்டு கேட்டன்.

மகள்தான் அழுதுகொண்டே சொன்னா. "வாப்பாக்குச் சீனி வருத்தம் கண்ணுக்கு இறங்கிட்டாம். ஒரு கண்ணுல ஒண்டும் தெரியாதாம், மத்ததுல பாதிதானாம். அந்த ராத்தா ஆஸ்பத்திரி நேர்ஸ், உம்மா. மறந்து வந்த துண்டுக் கடதாசியையும் குடுத்து, கெதியாக் கொழும்புக்குப் போகச் சொன்னா."

அந்தத் துண்டு என்ட பைக்குள்ள கிடந்திச்சு. இன்னொருத்தி இல்ல எண்டு சந்தோசப்படுறதா, அழுறதா எண்டு தெரியாம, எனக்கு வந்தது கோவம்தான். "கண் தெரியாம என்ட புள்ளைகளைப் பாருக்கு மேல கொண்டு போயிருப்பீங்களே! ஏன் என்னட்டச் சொல்லல்ல? ஏன் ஊருக்கு வரல்ல?" எண்டு அவர்ட நெஞ்சுல குத்தினன்.

அவர் கையால தடவிக் கயிறைப் பிடிச்சுக்கொண்டார். சத்தமே போடாமச் சொன்னார், "இஞ்ச எண்டா நான் நினைச்ச இடத்துல ஆணி அடிக்கலாம், கயிறு கட்டலாம். உன்ட வீட்டுல நான் எதைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிற புள்ள?"

அவரை வாசல் மிதிக்க விடுறல்ல எண்டு நான் முடிவெடுத்துக்கொண்டு வந்த அந்த வீட்டுல, அவர் எப்பயோ மிதிக்க ஏலாது எண்டு முடிவெடுத்திருக்கார். அதுவும் என்ட வாயால.

பெருநாள் அண்டைக்கு, தொழுதிட்டு, வெயில் உச்சிக்கு வந்த பிறகு கடைசித் தீவுக்குள்ள நுழைஞ்சம். ரெண்டு பக்கமும் பார், நடுவால ஒரு ஒடுங்கின வாய். அணியத்துல நான் இருந்தன். மகள் பக்கத்துல இருந்து சொல்லித் தந்தா. நான் தொண்டை கிழியக் கத்தினன், "பச்சை! இல்ல இல்ல, கருநீலம்! இடப்பக்கம் மண்ணிறம்!" அவர் நான் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினார். ஒரு தரமும் "சரியாப் பாத்தியா?" எண்டு கேக்கல்ல. ஒரு மாசமா அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பாத்த எனக்கு அழுகை வந்திச்சு. கண்ணைத் துடைக்கவும் பயம், துடைக்கிற நேரத்துல பாரை விட்டுட்டா என்ன செய்ற?

கொழும்புல ஊசி போட்டு, லேசர் அடிச்சு, மத்தக் கண்ணுல இருந்த பாதியைத்தான் காப்பாத்திக் குடுத்தாங்க. கல்முனைக்கு வந்த மறுநாள் அவர் முன் ஹோல்ல, எதையும் தொடாம, ஒரு கதிரையில விருந்தாளி மாதிரி இருந்தார். நான் ஒரு பெட்டி ஆணியும் சுத்தியலும் படகுலயிருந்து கொண்டு வந்த அந்தக் கறுத்த கயிறும் எடுத்து மடியில வச்சன்.

"புள்ள, பெயின்ட் போயிரும்" எண்டார்.

"போகட்டும்."

"சரி, மேசனைக் கூப்பிடு."

"மேசன் எதுக்கு? நீங்க அடிங்க. நான் ஆணியைப் பிடிக்கிறன்."

அறை வாசல்ல, இடுப்பு உயரத்துல ஆணியை வச்சுப் பிடிச்சன். உண்மையைச் சொன்னா, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் பிடிச்சன். அவர் மத்தக் கையால தடவி என்ட விரலைக் கண்டுபிடிச்சு, கொஞ்சம் யோசிச்சு, சுத்தியலை ஓங்கினார். முதல் அடி என்ட பெருவிரல்லதான் விழுந்திச்சு. நான் கத்தல்ல. அடுத்த அடி ஆணியில விழுந்திச்சு, பூச்சு ஒரு சிரட்டையளவு கழண்டு எங்கட காலடியில கொட்டிச்சு.