இருபத்தொன்பதாம் நாள் காலை

கல்யாணமான முதல் வருஷத்தில் எனக்கு ஏழு முறை கரு கலைந்தது என்று எங்கள் மாதா கோயில் பங்கு மக்களில் பாதிப் பேர் நம்பினார்கள். ஒரு முறைகூடக் கலையவில்லை. கலைவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. வரட்டும்.

நான் கணக்கு டீச்சர். நந்தனம் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் கடற்கரைப் பக்கத்துச் சந்து ஒன்றில் இரண்டு அறை, ஒரு ஹால் உள்ள வீடு. நான், கணவர், அவருடைய அம்மா. திருமணத்துக்கு முன்னால் கோயிலில் நடத்தும் வகுப்புக்கு இரண்டு சனிக்கிழமை போனோம். அங்கே ஒருவர் பலகையில் வட்டம் போட்டு, மாதச் சுழற்சி இருபத்தெட்டு நாள், பதினான்காம் நாள் கருமுட்டை வரும், அதை ஒட்டிய நாட்களில்தான் குழந்தைக்கு வாய்ப்பு என்றார். நான் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு சூத்திரம் எந்த நிபந்தனையில் பொருந்தும் என்று பார்க்காமல் எண்களைப் போடும் பிள்ளைக்கு நான் மதிப்பெண்ணே தர மாட்டேன். எனக்கோ வயதுக்கு வந்ததிலிருந்து ஐந்து வாரத்துக்கு ஒரு தடவைதான். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று அம்மா சொல்லியிருந்தாள். சரியாகிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் கேட்டதைக் கணவர் வீட்டில் சொல்ல, அன்றிலிருந்து கணக்கு அத்தை கைக்குப் போய்விட்டது. எனக்கு மாதவிலக்கு வந்த நாளில் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அங்கிருந்து எண்ணுவார். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை எங்கள் அறைக் கதவு சாத்தியிருக்கலாம். பதினாறாம் நாள் கணவரின் தலையணை ஹாலுக்கு வந்துவிட வேண்டும். "தங்கிக்கீதோ இன்னாவோ. கலைஞ்சிடப் போவுது, தனியாப் படுடா" என்பார். முப்பத்தொரு வயது மனிதர், வங்கி அதிகாரி, தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போவார்.

இருபத்தொன்பதாம் நாள் காலை அத்தை காபியோடு என் எதிரில் வந்து உட்காருவார். "நாள் தள்ளிப் போய்க்கீதுடி." லஸ் முனையில் மருந்துக் கடைக்குப் போய் டெஸ்ட் கிட் வாங்கி வருவேன். ஒற்றைக் கோடு. மறுநாள் இன்னொன்று. அதே ஒற்றைக் கோடு. கோடு எப்படி இருந்தால் என்ன, விலக்கு வரவில்லையே, அப்படியானால் உண்டாகியிருக்கிறது என்பது அத்தையின் முடிவு. பப்பாளி வீட்டுக்குள் வராது. துணி துவைக்க விட மாட்டார். அந்த ஐந்தாறு நாளும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருப்பார். பிறகு முப்பத்தைந்தாம் நாள் வயிறு வலிக்கும், விலக்கு வரும். கலைந்துவிட்டது என்பார்.

"ஆண்டவரு குடுக்கறாரு. இவ வெச்சிக்க மாட்டேங்கறா" என்று மகனிடம் சொல்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

நானும் நம்பினேன், அதுதான் தாங்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, இல்லாத பிள்ளைகளுக்காக அழுதிருக்கிறேன். ஒன்றுக்கு மனதுக்குள் பெயர்கூட வைத்தேன்.

எங்கள் தெருவில் மாதம் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். ஆளுக்கொரு வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். ஒருவர் மகனின் விசாவுக்காக வேண்டினார். ஒருவர் முழங்கால் வலிக்காக. அத்தை, "எம் மருமவளுக்கு இந்த மாசமும் தங்கல. அவ வயித்துக்கு பெலன் குடும் ஆண்டவரே" என்றார். இருபது பேர் என் கருப்பைக்காக ஒரே குரலில் பதில் சொன்னார்கள். சுண்டல் கொடுக்கும்போது ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். பள்ளியில் மூன்றாம் மாடி. ஷேர் ஆட்டோவின் குலுக்கல். பரீட்சைத் தாள் மூட்டை. எல்லாக் காரணமும் என் வேலையில் போய் முடிந்தது.

"ஒரு வருஷம் வீட்ல இருந்து பாரேன். வேலை எங்க போயிடப் போவுது?" என்றார் கணவர். ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். ஒன்பது வருஷ வேலை. அன்றைக்கு முப்பத்திரண்டாம் நாள்.

அடுத்த மாதம் அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். கணவர், "அடிக்கடி அபார்ஷன் ஆகுது டாக்டர்" என்று ஆரம்பித்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு தடவையாவது ரெண்டு கோடு வந்துதாம்மா?"

"இல்ல டாக்டர்."

"பீரியட்ஸ் எத்தனை நாளுக்கு ஒரு தரம்?"

அந்த ஒரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கைப்பையிலிருந்து டைரியை எடுத்துத் தேதிகளை வாசித்தேன். அவர் எழுதிக் கழித்தார். முப்பத்தைந்து, முப்பத்துநான்கு, முப்பத்தைந்து, முப்பத்தாறு.

"உங்களுக்கு ஒரு மாசம்கூடத் தள்ளிப் போகலயேம்மா."

அடுத்த விலக்குக்குச் சுமார் இரண்டு வாரம் முன்னால்தான் முட்டை வரும், எனக்கு அது இருபத்தோராம் நாள் வாக்கில் என்றார். அன்றைக்கும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களிலும்தான் வாய்ப்பு. இருபத்தொன்பதாம் நாள் பரிசோதித்தால், உண்டாகியிருந்தாலும் காட்டாது. முப்பத்தாறு தாண்டட்டும், அப்போதும் ஒற்றைக் கோடு வந்து விலக்கும் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள் என்றார். பிறகு கணவரைப் பார்த்து, "அந்த இருபதாவது நாள்லாம் நீங்க எங்க இருந்தீங்க?" என்றார்.

"ஹால்ல" என்றேன் நான்.

வெளியே வந்ததும் கணவர் சிரித்தார். "அப்பாடா, ஒண்ணும் பிரச்சனையில்ல." ஒன்றுமில்லையாம்! அவர் பைக்கில் ஏறாமல் அடையாறு பாலம் வரை நடந்தேன். மறுநாள் பள்ளிக்குப் போனேன். என் இடத்துக்கு ஆள் எடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

தலையணை அறைக்குத் திரும்பிய நான்காம் மாதம், முப்பத்தெட்டாம் நாள், இரண்டு கோடு வந்தது. அத்தை ஓடிவந்து என் நெற்றியில் சிலுவை போட்டார். "பாத்தியா? வேலய வுட்ட, தங்கிடுச்சு."

காலண்டரை இறக்கி வைத்து மூன்று தடவை விளக்கினேன். "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க" என்றார். கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளின் ஞானஸ்நானத்தன்று வீடு நிறைய ஆட்கள். அத்தை பிரியாணித் தட்டோடு ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வேலையை விட்டாள், தங்கியது. பள்ளியில் என்னோடு இருந்த வேதியியல் டீச்சரும் வந்திருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். சமையலறையில் நான் மட்டும் இருக்கிற நேரம் பார்த்து வந்தாள்.

"மிஸ், எங்க வீட்லயும் அதேதான் சொல்றாங்க. நானும் பேப்பர் போட்டுடட்டுமா?"

"எழுதாதே!" என்று கத்தினேன். கையில் இருந்த மகள் விழித்துக்கொண்டு அழுதாள். ஹாலில் பேச்சு நின்றது. இன்னொரு தடவை, அத்தைக்கும் கேட்கட்டும் என்று, அதே வார்த்தையை இன்னும் சத்தமாகச் சொன்னேன்.