இரண்டு சிவப்புக் கார்களும் என் கையெழுத்தும்

போன குளிர்காலத்தில், டெல்லியில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு என்னையும் நடுவராக அழைத்திருந்தார்கள். நான் வாகனப் பொறியாளர். கடைசிச் சுற்றில் இரண்டு இத்தாலியப் பந்தயக் கார்கள் நின்றன. ஒரே மாடல், இரண்டும் சிவப்பு. உலகத்திலேயே மிச்சமிருப்பவை மிகச் சில.

முதல் காரின் மூக்கில் பந்தயத்தில் கல் பட்ட பள்ளங்கள் அப்படியே இருந்தன. அடிச்சட்டமான சேசிஸில் பொறித்த எண் பாதி தேய்ந்திருந்தது. இரண்டாவது கார் கண்ணாடியாக மின்னியது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணின் விளிம்புகள் நேற்று அடித்தவை போலக் கூர்மையாக இருந்தன.

"சார், இது அசல் இல்ல" என்றேன் தலைமை நடுவரிடம். அவரும் தமிழர்தான், டெல்லியிலேயே வளர்ந்தவர்.

"அச்சா, விடுங்க மேடம். ஓனர் யாருன்னு தெரியும்ல? ஜல்தி கையெழுத்துப் போடுங்க."

உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் போட்டேன். கோப்பை போலிக்குப் போனது.

முதல் காரைப் பராமரிக்கும் திருநெல்வேலிக்காரர் அந்தோணி நேரே என்னிடம் வந்தார். "மேடம், டார்ச் அடிச்சுப் பாத்தீங்கல்லா? அந்த நம்பர் புதுசுதான?"

"நான் சரியா கவனிக்கல" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. "கப்பு போனாப் போவுது. எங்கிட்டயும் பொய் சொல்லணுமா மேடம்?"

லக்ஷ்மிபாய் நகரில் இருக்கும் என் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் தலைமை நடுவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். மறுநாளே என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக அமைப்பாளர்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை, முடிவும் மாறவில்லை.

தலைமை நடுவர்மேல் இருக்கும் கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் அவர் என்னைக் கையெழுத்துப் போடத்தான் சொன்னார். அந்தோணியிடம் பொய் சொல்லும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. அதை நானாகவே சொன்னேன்.