விரதம் என்று சொன்னது

என் கணவர் முதல் தடவை சபரிமலைக்கு மாலை போட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். சர்க்கரை கொஞ்சம், பிரஷர் கொஞ்சம், கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிகரெட். மாலை போட்டால் சிகரெட்டாவது ஒழியுமே என்று நினைத்தேன். ஒழிந்தது. அப்போது பிழைக்க வந்த தெலுங்கு ஊரில், தார்நாகாவில், ஆராய்ச்சிக்கூடத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கார்த்திகை பிறந்தால் காலனியில் பாதி ஆண்கள் கறுப்பு வேட்டியோடு, செருப்பில்லாமல் ஆபீஸ் போவார்கள். மாலை போட்டவரைப் பெண்டாட்டியும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் தனி அறையில் பாய் விரித்துப் படுப்பார்.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினார். பாயைச் சுருட்டவில்லை. "முதுகுக்கு இதுதான் சுகமா இருக்கு" என்றார். மறுவருஷம் கார்த்திகைக்கு முன்னாலேயே மாலை. பிறகு மாதப் பூஜைக்கும் கிளம்ப ஆரம்பித்தார். காலனியே அவரைக் குருசாமி என்றது. எனக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. மகளைப் பெற்றபோது போட்ட சதை இறங்கவே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று என்னையே திட்டிக்கொள்வேன். வேறெங்காவது தொடுப்பு இருக்குமோ என்று அவர் சட்டைப் பையைக்கூடத் துழாவினேன். பஸ் டிக்கெட்டும் விபூதிப் பொட்டலமும் கிடைத்தன. சாமியோடு சக்களத்திச் சண்டை போட முடியுமா?

இப்படியே வருஷங்கள் போயின. மகள் படித்து முடித்து சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்தாள். அவளைக் கம்பெனி வண்டி ஏற்றிக்கொண்டு போன ஒரு காலையில், நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"நான் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க. எதுக்கு அந்த ஐயப்பனை நடுவுல இழுக்கீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். "வேண்டாம்னு இல்லட்டி. என்னால முடியல. மொத மாலை போடுததுக்கு முன்னாடியே முடியாமப் போச்சு. மாலை போட்டா நீ ஒண்ணும் கேக்க மாட்டல்லா, அதான்."

"டாக்டர்ட்ட சொன்னா என்ன?"

எங்கள் டிஸ்பென்சரி டாக்டரும் மாலை போடுகிறவர். இவர்தான் அவருக்கும் குருசாமி. "அவரு என்னைக் கண்டதும் கால்ல விழுதாரு. இருமுடிய என் கையாலதான் கட்டிக்கிடுதாரு. அவருட்டப் போயி இதை எந்த வாயால சொல்ல?"

சொல்லிவிட்டு அழுதார். அப்படியே மாரோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. ஆனால் ஆத்திரம் முந்திக்கொண்டது. "எந்திரிங்க, சட்டையைப் போடுங்க" என்றேன்.

ஹப்சிகுடாவில் எங்களைத் தெரியாத ஒரு டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். தெலுங்குக்காரர். எல்லாவற்றையும் சளி இருமல் விசாரிப்பதுபோல விசாரித்தார். மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குமா என்றார். இறுக்கும், வாயு என்று இருந்துவிட்டேன் என்றார் இவர். மற்றது எத்தனை வருஷமாக என்று கேட்டார். "ஆறு" என்று இவர் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

அந்த இடத்து ரத்தக்குழாய், இதயத்து ரத்தக்குழாயைவிடச் சன்னமாம். அதனால் பல பேருக்கு அடைப்பு முதலில் அங்கேதான் காட்டுமாம். நெஞ்சு வலிப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னாலேயே காட்டிவிடுமாம். அப்போதே வந்திருந்தால் சர்க்கரையை, கொழுப்பை, பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவர நேரம் இருந்திருக்கும் என்றார். அவர் உடம்பு தாக்கல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. வீடு முழுக்க சரணம் போட்டதில் ஒருவர் காதிலும் அது விழவில்லை.

மூன்று அடைப்பு. ஆபரேஷன் ஆயிற்று. அதற்குப் பிறகும் சிலசமயம் நெஞ்சு இறுக்கும்; அப்போது நாக்குக்கடியில் மாத்திரை வைத்துக்கொள்வார். ஒருநாள் கூச்சத்தோடு, படுக்கை விஷயத்துக்கென்று விற்கிற மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டார். நாக்குக்கடியில் வைக்கிறவர் அந்தப் பக்கமே போகக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். கடையில் தானாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள், நெஞ்சு நிலைக்கு வரட்டும், வேறு வழிகள் இருக்கின்றன என்றும் சொன்னார்.

திரும்பும்போது ஆட்டோவில் இவர் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அதுக்காங்க நான் ஏங்கிக் கெடந்தேன்? பக்கத்துல ஒரு ஆளு இல்லாம ஆறு வருஷம் கெடந்தேன். பேசாமக் கட்டிலுக்கு வாங்க."

வந்தார். என் இடுப்பில் கையைப் போட்டுக்கொண்டு, பழைய குறட்டையோடு தூங்கினார். அதன் பிறகு ராத்திரியெல்லாம் பேசிக்கொண்டிருப்போம்; கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு பேசியதில்லை. அது ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. சித்திரை வெயிலில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார்.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவரோடு மலைக்குப் போகிற ஆண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். டிஸ்பென்சரி டாக்டரும் நின்றார். தலைமுறைகளாக மாரெட்பள்ளியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்து அம்மா ஒருத்தி, பூஜைகளில் பழக்கமானவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, உருது கலந்த அந்த ஊர்த் தமிழில், ஏன் அழ வேண்டும், அழாதே என்றாள்.

"அழுவ நக்கோக்கா. கைக்கு அழுவுறீங்க? குடும்பத்துல இருந்துக்கிட்டே பிரம்மச்சாரியா வாழ்ந்தாரு. யாருக்குக் கெடைக்கும்?"

ஆண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர் பட்ட அவமானத்தை எடுத்து அவருக்கே மாலையாகப் போடுகிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"அது விரதம் இல்ல. சீக்கு. ஆறு வருஷமா அவருக்கு முடியாம இருந்துச்சு, வெளிய சொல்ல வெக்கப்பட்டே செத்துப்போனாரு."

மகள் என் தோளை அழுத்தினாள். "அம்மா, ப்ளீஸ். நாட் நவ்."

"பின்னே எப்போ?" என்று கேட்டேன். அவளைக் கேட்கவில்லை, அங்கே நின்ற ஆண்களைப் பார்த்துத்தான் கேட்டேன். ஒருவரும் நிமிரவில்லை.