மூன்று நாள் மல்லாட்டைப் பயிர்

நாங்கள் பயிர் வைத்த நிலம் எங்களுடையது இல்லை என்பது ஆறாம் வகுப்பு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆரணியிலிருந்து படவேடு போகிற வழியில், ஒரு குன்றின் அடிவாரத்தில் இருந்தது அது. எங்கள் காலனியில் பன்னிரண்டு குடும்பங்கள் அதைப் பங்கு பிரித்து உழுதுகொண்டிருந்தோம். முள் வெட்டி, கல் பொறுக்கி, அதை நிலமாக ஆக்கியவர்களில் அம்மாவின் அப்பாவும் ஒருவர். அரசாங்கக் கணக்கில் அது புறம்போக்கு. வருஷம் தவறாமல் ஜமாபந்திக்கு அம்மா ஆரணிக்கு பஸ் ஏறிப்போய், பட்டா கேட்டு மனு கொடுத்துவிட்டு வருவாள். வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வாள். “இன்னா சொன்னாங்க?” என்று யாராவது கேட்டால், “பாக்கறோம்னாங்க” என்பாள். எனக்கு நினைவு தெரிந்து அந்தப் பதில் மாறியதே இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. வெளிநாட்டுக்குச் செருப்பு தைத்து அனுப்புகிற கம்பெனி ஒன்று குன்றடியில் இடம் பார்க்கிறது என்று பேச்சு எழுந்தது. அந்த வருஷம் பார்த்து மழையும் இல்லை. விதைக்காக வைத்திருந்த கடலையை எல்லோரும் வறுத்துத் தின்று தீர்த்திருந்தோம். அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அம்மா, கிணறு வைத்திருந்த பெரிய நிலக்காரரிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒருநாள் தலையாரி வந்து காலனி நடுவில் நின்று சொன்னார்: “செவ்வாக்கிழம தாலுகா ஆபீஸ் சாரு வராரு. நெலத்துல பயிர் இருந்தா பயிர்னு எழுதுவாரு. சும்மா கெடந்தா தரிசுன்னு எழுதிகினு போயிடுவாரு. அப்புறம் அது கம்பெனிக்குத்தான். என்னாண்ட வந்து அழாதீங்க.”

நிலம் மொட்டையாகக் கிடந்தது. செவ்வாய்க்கு மூன்று நாள்தான் இருந்தது.

யோசனை சொன்னது மாமா, அம்மாவின் தம்பி. ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறையில் அவருக்கு வேலை. மணிக்கட்டு வரைக்கும் அவர் கை ஒரு வாரம் சிவப்பாக இருக்கும், ஒரு வாரம் ஊதாவாக இருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. பெரிய நிலக்காரரின் கொல்லையில் அப்போது மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். காய் ஆய்ந்த பிறகு செடிகளை மாட்டுக்குப் போடுவார்கள். மாமா அவரிடம் என்ன பேசினாரோ, இரண்டு வண்டிச் செடி கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“நட்டுடலாம் அக்கா,” என்றார்.

“மல்லாட்டைய எவன்டா நடுவான்? வெதைக்கறது இல்ல அது?” என்றாள் அம்மா.

“அது நமக்குத் தெரியும். ஜீப்புல வரவனுக்கு இன்னா தெரியும்? எட்ட நின்னு பாப்பான், பச்சையாத் தெரியும், எழுதிகினு ஜல்தியா பூடுவான்.”

அம்மா கொஞ்ச நேரம் மாமாவின் சாயக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் காலனியே நிலத்தில் இருந்தது. கூலிக்கு யாரும் போகவில்லை. ஆண்கள் கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டே போக, பெண்கள் காய் இல்லாத செடியை அதில் செருகிக் காலால் மண்ணை மிதித்தார்கள். பிள்ளைகள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று பெரியவர்களே சொன்ன நாள் அது. எனக்கு அதைவிடப் பெரிய திருவிழா இருந்ததில்லை. பத்து மணிக்குச் சாலையில் நின்று திரும்பிப் பார்த்தபோது, நிஜமாகவே மல்லாட்டைக் கொல்லை போலத்தான் இருந்தது.

சார் வரவில்லை. மதியம் வரைக்கும் பார்த்துவிட்டுத் தலையாரியிடம் கேட்டதற்கு, “மீட்டிங்காம், நாளைக்கு” என்றார். புதனும் வரவில்லை. வியாழனும் வரவில்லை. “இதே பேஜாராப் போச்சு,” என்று சொல்லிவிட்டு, மாமா வியாழக்கிழமை மதியம் பட்டறைக்குப் போய்த் தலைகாட்டிவிட்டு வந்தார். செடிகள் முதல் நாளே துவண்டு, மறுநாள் பழுத்து, அப்புறம் சுருள ஆரம்பித்தன. பெரியவர்கள் வரப்பில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் விடாமல் குடம் சுமந்தேன். ஒரு செடியின் நுனியில் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. அது வேர் விட்டுவிட்டது என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “சரி, ஊத்து,” என்றாள். அவள் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப் வந்தது. சார் எட்ட நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக நிலத்தின் நடுவுக்கு நடந்தார். அவரும் விவசாயக் குடும்பம்தான் போலிருக்கிறது. குனிந்து ஒரு செடியைப் பிடித்தார். இழுக்கக்கூட இல்லை, கையோடு வந்துவிட்டது.

“காய் எங்கம்மா?”

“இனிமேதாங்க வைக்கும்,” என்றாள் அம்மா.

அவர் மாமாவின் பக்கம் திரும்பினார். “கையில இன்னாய்யா இது?”

“சாயங்க.”

“அப்ப விவசாயம்?”

“அதுவுந்தாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சார் என்னையும் என் இடுப்பிலிருந்த குடத்தையும் பார்த்தார். “நீதான் தண்ணி ஊத்தறியா பாப்பா?” என்றார். “தெனமும் ஊத்தறேன் சார். இது பொழச்சிக்கும்,” என்றேன். அவர் பிடுங்கிய செடியை அதே குழியில் வைத்து, கால் விரலால் மண்ணை அணைத்தார். நோட்டில் எழுதினார். ஜீப்பில் ஏறும்போது, “பயிர்னே எழுதிட்டேன்மா. என்னால ஆனது அதான்,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அன்று மாமாவைத் தூக்கிச் சுற்றாத குறைதான். வீட்டுக்கு வீடு டீ போட்டுக் கொடுத்தார்கள். அம்மா மட்டும் அசந்து தூங்கிவிட்டாள். நான்கு நாள் கழித்து அன்றுதான் அவள் கண் மூடியது.

ஒரு மாதத்தில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார் தலையாரி. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தொட்டியைச் சுற்றிப் பெரியவர்கள் நின்றிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சரளமாகப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வழி விட்டு என்னை முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, நிமிர்ந்து நின்று, வார்த்தைகளை விழுங்காமல் படித்தேன்: “மேற்படி அரசுப் புறம்போக்கு நிலத்தில் நிலக்கடலை பயிரிட்டு ஆக்கிரமிப்பு செய்திருப்பது நேரடித் தணிக்கையில் உறுதி செய்யப்பட்டதால், மேற்படி நபர்கள் பதினைந்து தினங்களுக்குள் பயிரை அகற்றிக்கொண்டு நிலத்தை ஒப்படைக்க வேண்டியது.”

அதன் கீழே பன்னிரண்டு பெயர்கள். அம்மாவின் பெயர் நாலாவது. அச்சில் அவள் பெயரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை மட்டும் விரல் வைத்துக் காட்டினேன்.

மாமா தன் இரண்டு கைகளையும் லுங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரமே இல்லாத கைகள். ‘ஆக்கிரமிப்பு’ என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் வராத வார்த்தை. அவ்வளவு நீளமான வார்த்தையை முதல் தடவையே திக்காமல் சொன்னதற்கு யாராவது தட்டிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

அம்மா தொட்டிச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

“இன்னொரு வாட்டி படி பாப்பா,” என்றாள்.

நான் நன்றாகப் படித்ததால்தான் மறுபடியும் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று, இன்னும் சத்தமாகப் படித்தேன்.