மிச்ச ஃபிலிமில் நின்றவர்கள்

ஒருவர் தன் வீட்டுக்கு அனுப்புவதற்காக எடுத்துக்கொண்ட படத்தை, ஊரே பார்க்கும்படி சுவரில் மாட்டலாமா? நாலைந்து வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். ஒரு நாள், மாட்டினால் என்ன என்று தோன்றும். மறுநாள் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, கூடவே கூடாது என்று தோன்றும்.

போன வாரம் மகளின் தண்ணீர் பாட்டிலில் ஏறியிருந்த வாடை போவதற்காக வினிகர் ஊற்றி ஊறவைத்தேன். மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த நெடி என்னை பர் துபாயில் நாங்கள் முன்பு குடியிருந்த ஃப்ளாட்டின் படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டது. (வினிகர் மிச்சமிருந்து குழந்தையின் தொண்டைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, நன்றாகக் கழுவிய பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். நான் அப்படித்தான்.)

அந்த நெடிக்குக் காரணம் பக்கத்து ஃப்ளாட் காக்கா. கடற்கரை ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்கள் மாடியில் இருந்த எல்லோருக்குமே அவர் காக்காதான். ஆங்கில நாளிதழ் ஒன்றில் புகைப்படக்காரர். கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு பாஸ்போர்ட் படம் எடுக்க முடியாமல் ஸ்டுடியோக்காரர் எங்களைத் திருப்பி அனுப்பியபோது, காக்கா எங்கள் கட்டிலில் வெள்ளைப் போர்வை விரித்து, அவளைக் கிடத்தி, தானும் கட்டில்மேல் ஏறி நின்று எடுத்தார். "கண்ணத் தொறந்துட்டா பாரு! இனி எந்த ஏர்போர்ட்டுலயும் இவள நிறுத்த முடியாது" என்றார். போர்வையில் அவருடைய கால் தடத்தைப் பார்த்துக் கொஞ்சம் முகம் சுளித்தேன். படம் நன்றாக வந்தது.

ஒரு நாள் காக்கா வேலையிலிருந்து வீடு திரும்பவில்லை. மாரடைப்பு. அவருடைய மனைவியை நாங்கள் லாத்தா என்போம். லாத்தாவின் விசா காக்கா பேரில் இருந்ததால் அவர் ஊருக்குப் போயாக வேண்டும். சாமான் கட்ட உதவிக்குப் போனேன். கூடத்தின் நடுவே பேரீச்சம்பழ அட்டைப் பெட்டிகளும் பிஸ்கட் டின்களும் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் நெகட்டிவ். பத்திரிகை தனக்கு வேண்டிய படங்களை அச்சிட்டுக்கொண்டு ஃபிலிமை அவரிடமே விட்டிருந்தது.

"நீ லைப்ரரிக்குப் படிச்சவதானே, எடுத்துக்கறியாம்மா?" என்றார் லாத்தா. "ஊர்ல ஒரு மழைக்குத் தாங்காது. வாட்ச்மேன் வந்து, குப்பையில போட்டுரவான்னு கேக்குறான்."

சரி என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

பழைய ஃபிலிம் சூட்டில் கெடத் தொடங்கினால் வினிகர் நெடி அடிக்கும். கெட்டதை நல்லதிலிருந்து பிரிக்க வேண்டும், எல்லாவற்றையும் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்த ஏசி படுக்கையறையில் இருந்தது. பெட்டிகள் உள்ளே போக, தொட்டில் கூடத்துக்கு வந்தது.

"ஊறுகா கம்பெனி ஆரம்பிச்சிட்டியா?" என்றார் கணவர். "ஃபிலிமுக்கு ஏசி, எனக்கு ஃபேனா?"

"கொஞ்ச நாள்தாங்க."

"லேபர் கேம்ப்ல கூட ஏசி உண்டும்மா."

சொன்னாரே தவிர, வெள்ளைப் பருத்திக் கையுறை வாங்கி வந்து கொடுத்ததும் அவர்தான். மகள் தூங்கும் நேரத்தில் கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஃபிலிம் கீற்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நெகட்டிவில் எல்லோருக்கும் கறுத்த முகம், நரைத்த தலை. முதலில் ஒன்றும் புரியாது, பிறகு கண் பழகிவிடும். கல்யாணத்துக்குப் பிறகு, படித்த படிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது அப்போதுதான். அதை நன்றாகவே செய்தேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

கண் பழகியபோதுதான் அந்தச் சட்டை தெரிந்தது. கட்டம் போட்ட ஒரே சட்டை, ரோலுக்கு ரோல் வேறு வேறு ஆள்மீது வந்தது. ஒருவருக்குக் கை நீளம் போதவில்லை, இன்னொருவருக்குத் தோள் தொங்கியது. லாத்தாவுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"நீலச் சட்டம்மா அது," என்று சிரித்தார். "ஒங்க காக்காவோடதுதான். வண்டியிலயே கெடக்கும். கேம்புக்குப் படம் புடிக்கப் போனா, பேப்பருக்கு எடுத்தது போக மிச்ச ஃபிலிம் அந்தப் பையங்களுக்குத்தான். 'ரோலு முடியல, வாங்கடா, நில்லுங்கடா'ம்பாரு. ஊருக்கு அனுப்பப் படம் வேணும்ல?"

அதன் பிறகு ஒவ்வொரு கீற்றையும் வேறு மாதிரி பார்த்தேன். ஆறு படம் கொண்ட ஒரு கீற்றில் முதல் பாதி பத்திரிகைக்கு: அடுக்குக் கட்டில், தண்ணீர் லாரி முன் வரிசை, குளியலறை வாசலில் கூட்டம். மறுபாதியில் அதே ஆட்கள் தலை வாரி, அந்த நீலச் சட்டையை மாறி மாறி மாட்டி, யாரோ நிறுத்திவிட்டுப் போன வெள்ளைக் கார்மீது கை வைத்து நிற்கிறார்கள்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பேசி, ஓர் உணவகத்தின் மாடி ஹாலில் வெள்ளிக்கிழமைக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தோம். மீனா பஜாரில் இருந்த ஃபோட்டோ லேபில் பெரிதாக பிரிண்ட் போட்டோம். பத்திரிகைப் படத்தையும் ஊருக்கு அனுப்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது என் யோசனை. காக்கா யார் என்பதை அதைவிட நன்றாக எப்படிச் சொல்வது?

மதியத் தொழுகைக்குப் பிறகு கூட்டம் வந்தது. கேம்ப் ஆட்கள் கம்பெனி பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். அறை நிறையச் சத்தம்.

"டேய் பெரியசாமி, கார் வாங்குனத எங்கிட்ட சொல்லவேயில்ல! எங்கடா நிப்பாட்டியிருக்க?"

"பெட்ரோல் போடப் போயிருக்குடா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையில் கேமரா போன் இருந்தவர்கள் சுவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் நகர்ந்த பிறகும் அந்தப் பெரியசாமி நகரவில்லை. நாற்பது தாண்டியவர், காதோரம் நரை.

"தங்கச்சி, நீங்கதான் இத மாட்டுனதா?"

"ஆமாண்ணே. ரெண்டும் ஒரே நாள்ல எடுத்தது. இந்தப் பக்கம் தண்ணி லாரி வரிசை, அந்தப் பக்கம்…"

"எனக்குத் தெரியாதா? நின்னவன் நான்." குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கார் படம் எங்க வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல இருக்கு. அதக் காட்டித்தான் எம் பொண்டாட்டி மவளுக்கு மாப்ள பேசிக்கிட்டிருக்கா. எங்கூர்ப் பயலுவளும் போன்ல புடிக்கிறானுவ. தனித்தனியா இருந்தா ஒண்ணுமில்ல. சேத்து மாட்டிட்டீங்களே."

எனக்குக் காது சுட்டது. "தண்ணி லாரிப் படத்தக் கழட்டிர்றேண்ணே."

"அது இருந்துட்டுப் போவட்டும். பேப்பர்ல வந்ததுதானே? அதுல நான் பத்துப் பேர்ல ஒருத்தன். இதக் கழட்டுங்க. இது எங்க வீட்டுது."

எதற்கும் நாலு பேரிடம் யோசனை கேட்கும் நான், அன்று யாரையும் கேட்கவில்லை. கார் படத்தைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். படியிறங்கும்போது திரும்பிக் கேட்டார்: "ஃபிலிமு ஒங்ககிட்டதானே இருக்கு?"

"எங்கிட்டதாண்ணே."

"அப்பச் சரி."

இப்போது மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. அந்த லேப் இருந்த இடத்தில் செல்போன் கடை. எங்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பெரியசாமியின் கம்பெனி போன வருடப் பொருளாதார மந்தத்தில் மூடியது, கேம்ப் காலி. ஊரில் அவர் முகவரி தெரிந்த ஒருவரையும் என்னால் தேடிப் பிடிக்க முடியவில்லை. அல் கூஸ் தொழிற்பேட்டையில் கேம்புகளுக்குப் பக்கத்துக் கிடங்குகளை ஓவியக் கூடங்களாக மாற்றுகிறார்கள். அப்படி ஒரு கூடத்திலிருந்து வந்த பெண், காக்காவின் ஃபிலிம் முழுவதையும் வாங்கிக் குளிர் அறையில் காப்பதாகச் சொல்கிறாள். லாத்தா, "ஒன் இஷ்டம்மா" என்றுவிட்டார். இந்த வீட்டிலும் படுக்கையறையில்தான் பெட்டிகள், நெடி கூடிக்கொண்டே வருகிறது. இன்னொரு கோடையை இந்தப் பெட்டிகள் தாங்குமா என்பது சந்தேகம். கொடுத்துவிட வேண்டும், அதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் அந்தப் பெண் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, தண்ணீர் லாரியும் வெள்ளைக் காரும் அடுத்தடுத்து இருக்கும் அந்த ஒரு கீற்றில்தான் நின்றாள். இதைத்தான் வாசலில் பெரிதாக வைக்கப்போகிறார்களாம். கீற்று கீற்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மொத்தமாகத்தான்.

அந்தக் கீற்றைத் தர மாட்டேன் என்று சொல்லி மற்றதையும் கெட விடவா, சேர்த்தே கொடுத்துவிடவா? உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் இப்படியொரு படம் மாட்டியிருந்த வீட்டில் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நீங்கள் முதலில் எழுதுங்கள்.